ராயபுரம் போக ஒரு பாட்டு

வீட்டோடு மாப்பிள்ளைக்கு மேலே படுக்கை, கீழே வேலை. மகுடேஸ்வரன் காலையில் படியிறங்கினால் மாமனாரின் பனியன் கம்பெனி. மாலையில் படியேறினால் மாமனாரின் வீடு. தெருவைப் பார்ப்பதற்கே ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. திருப்பூரிலேயே, ராயபுரத்தில் சின்னதாக ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தான். மனைவி சுபஸ்ரீக்கும் அங்கே போக ஆசைதான். ஆனால் மாமனார் ஆத்தப்பனிடம் வாயைத் திறப்பது யார்? ஒருநாள் அவனே திறந்துவிட்டான்.

ஆத்தப்பன் கோபப்படவில்லை. மாப்பிள்ளையிடம் அவர் கோபப்பட்டதே கிடையாது. பட்டிருந்தால் அந்தச் சாக்கில் எப்போதோ தப்பித்திருப்பான். கம்பெனிச் சரக்கை வாங்க வரும் ஸ்காட்லாந்து பையர் போன முறை பரிசாகக் கொடுத்துவிட்டுப் போன பேக்பைப்பை, பையை ஊதிக் கக்கத்தில் அமுக்கி வாசிக்கும் அந்த ஊர்க் குழலை, காட்டினார்.

“அடுத்த வாட்டி அவரு வர்றப்ப இதுல ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டீருங்க மாப்பிள்ளை. அப்புறம் தாராளமா ராயபுரம் போங்க.”

ஒரு சிக்கல். அதன் பை மாட்டுத்தோல். மாட்டுக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற வீட்டில் அதைக் கக்கத்தில் இடுக்குவதா? தோலைக் கழற்றிவிட்டு, அதே அளவில் கம்பெனித் துணியிலேயே ஒரு பை தைத்து மாட்டச் சொன்னார் ஆத்தப்பன். குளிர் ஜாக்கெட்டுக்குப் போடும் கெட்டியான பின்னல் துணி, ஏற்றுமதிச் சரக்கு. திருப்பூரில் துணியால் ஆகாத காரியம் உண்டா?

முதலில் பை இல்லாத தனிக் குழலில் பழக வேண்டும் என்று யூடியூப்காரர் சொன்னார். கோடவுனில் துணி ரோல்களுக்கு நடுவே உட்கார்ந்து பழகினான். விரல்கள் மெல்ல வசப்பட்டன. ஒரு பாட்டு முழுசாக வந்த அன்று ராயபுரத்துச் சாவியே கைக்கு வந்துவிட்ட மாதிரி துள்ளினான்.

பையை மாட்டி ஊதினான், பிடித்தது சனி. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, உயிரைக் கொடுத்து ஊதினாலும் சினை எருமை மாதிரி ஒரு முனகல் வந்து அடங்கியது. வாரக்கணக்கில் இதே கதை. கட்டிங் மாஸ்டர் அப்புசாமி எட்டிப் பார்த்து, “மாப்பிள்ளைக்கு மூச்சுப் பத்தலீங்க, டாக்டருகிட்ட காட்டுங்க” என்றார். அவனும் அதை நம்பிவிட்டான். இந்தப் படிக்கட்டிலேயே கிழவனாகிவிடுவோம் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. ஆப்பசைத்த குரங்கின் கதைதான்.

ஒருநாள் டீ கொண்டுவந்த சுபஸ்ரீ அவனையே உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஃபேன் ஓடலையே, உங்க சட்டை எதுக்குப் படபடன்னு அடிக்குது?” பையின்மேல் கையை வைத்தாள். “அய்யோ, பூராத்துலயும் காத்து வருதுங்க!”

பின்னல் துணியில் காற்று நிற்குமா? உடம்புக்குக் காற்றோட்டம் என்று சொல்லித்தானே ஊரே பனியன் விற்கிறது! அந்தத் துணியிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இருவரும் ரோல்களின்மேல் சாய்ந்து சிரித்தார்கள்.

மழைக்கோட்டுத் துணியில் சுபஸ்ரீயே வேறு பை தைத்தாள். தையல் ஓட்டைகள்மேல் டேப் வைத்துச் சூட்டில் ஒட்டினாள். ஊதிக் கட்டித் தண்ணீர் வாளியில் அமுக்கினாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

“இனி ராயபுரந்தானுங்க!” என்றாள்.

பையர் வந்தார். கம்பெனியே கூடி நின்றது. மகுடேஸ்வரன் ஒரு பிசிறில்லாமல் வாசித்தான். வெள்ளைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த முறை கூட்டாளிகளையும் அழைத்து வருவதாகச் சொன்னார். ஆத்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

“கூட்டியாங்க, கூட்டியாங்க! எந்தப் பையர் வந்தாலும் எங்க மாப்பிள்ளை வாசிப்பாருங்க. அவருக்குன்னே மேல இன்னொரு மாடி எழுப்பறேன்!”

கைதட்டல் ஓயவில்லை.

“மாமா, ராயபுரம்...” என்றான் மகுடேஸ்வரன்.

“அட, ராயபுரம் எங்க ஓடிப்போயிருது? அது அங்கயேதான் இருக்கும். இன்னொருக்கா வாசிங்க மாப்பிள்ளை.”

அவன் சுபஸ்ரீயைப் பார்த்தான். அவள் மட்டும் கைதட்டவில்லை, கண் நிறைந்திருந்தது. கக்கத்தில் பை இன்னும் உப்பியபடியே இருந்தது. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாள், பாவி. குழாயை மறுபடி வாயில் வைத்தான்.