மோவாய் முடி

பார்லரின் கதவைத் திறப்பதற்கு முன்பே எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு: என் அண்ணி. கடையே அவளுடையதுதான். அவள் நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நீட்டுவாள். நான் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் மோவாயில் முளைத்த முடியை எடுப்பேன். மாதவிடாய் நின்ற புதிதில் எப்போதாவது இரண்டு முடி இருக்கும். வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். இந்த வருடம் தினமும் எடுக்க வேண்டியதாகிவிட்டது, அதுவும் கறுத்துத் தடித்த முடி. குரலும் கட்டையாகிவிட்டது. போனில் பேசுகிறவர்கள் "சார்" போட்டார்கள். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டலடித்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் அதே வருடத்தில்தான் சர்க்கரை வந்தது, ரத்த அழுத்தம் வந்தது, வயிறு முன்னால் தள்ளியது. மாத்திரையைக் கூட்டக் கூட்ட எதுவும் கட்டுக்குள் நிற்கவில்லை. போன வாரம் ஒருவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் உயிர் என்னிடம் இல்லை. அவசரப் பிரிவில், இந்த முறை தப்பித்தீர்கள், உடனே ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

டாக்டரிடம் போகிற இன்றைக்காவது முடியை விட்டுவைப்போம் என்று காலையில் கெஞ்சிப் பார்த்தேன். பார்லர்க்காரி தாடியோடு போய் நிற்பதா என்று சீறினாள். எடுத்துத் தொலைத்தேன்.

டாக்டரம்மா பொறுமையாக எல்லாம் கேட்டார். பிறகு, "முகத்துல புதுசா முடி வளருதா?" என்றார்.

"இல்லையே" என்றாள் அண்ணி.

டாக்டர் எட்டி உற்றுப் பார்த்தார். என்ன தெரியும்? என் வேலை அவ்வளவு சுத்தம். நாசமாய்ப் போன சுத்தம். அவர் இன்னொரு மாத்திரையை எழுத ஆரம்பித்தார். அண்ணி என் பக்கமே திரும்பவில்லை. எனக்குத் தொழிலும் தங்க இடமும் கொடுத்தவள் அவள். வாயைத் திறந்தால் அந்த முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? திறக்காவிட்டால், அடுத்த முறை தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருப்பாளா?

"நான்தான் தினமும் எடுத்துவிடறேன், டாக்டர். தடிதடியா வளருது. குரலும் மாறிடுச்சு."

டாக்டரின் கை நின்றது. பெண் உடம்பிலும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு, ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு இவ்வளவு வேகமாக ஏறினால் அதை வயசு என்று விட முடியாது என்றார். சினைப்பையோ அட்ரினல் சுரப்பியோ அதை அளவுமீறிச் சுரந்தால் சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், இதயத்துக்கும் ஆபத்து. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார். கட்டியா என்று கேட்டேன். பார்த்தால்தான் தெரியும் என்றார். பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லவே இல்லை.

ஸ்கேன் அறைக்கு வெளியே அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"உன்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு நினைக்கிற? உங்க அண்ணன் வந்திருந்தா இதையும் சிரிச்சு மழுப்பியிருப்பாரு. என் வாயால சொல்ல வரலடி. நீ சொல்லிடுவேன்னு தெரியும்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்த பிடி வலித்தது.

"பயமா இருக்குடி" என்றாள்.

"எனக்கும்தான், அண்ணி" என்று சொல்லி அவளைத் தூக்கி நிறுத்தினேன்.