கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

பெயர் என்ற கட்டத்தில் வெள்ளைக் கோடு மினுங்கிக்கொண்டே நின்றது. கவுண்டரில் உட்கார்ந்திருந்த நித்யா என்டரைத் தட்டினாள். கம்ப்யூட்டர் கீங்கென்று கத்தியது. இன்னொரு தரம் தட்டினாள், இன்னொரு கத்தல். அந்தக் கத்தலை வைத்தவன் நான்தான். வரவேற்பறை முழுக்கக் கேட்கிற மாதிரி நீளமாக இழுத்து வைத்திருந்தேன். கட்டத்தைக் காலியாக விட்டு நழுவப் பார்க்கிற ஆள் நாலு பேர் முன்னால் வெட்கப்பட வேண்டும் என்று எண்ணம். அப்பேர்ப்பட்ட புத்திசாலி!

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். சேலையில் முழங்கால் வரை வயல் சேறு. முக்கூடல் பக்கத்தில் விடியும் முன்பே வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன அவள் புருஷனைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. பால் வண்டிக்காரர் ஒருவர் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்து, பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அந்த மனுஷரைப் பார்த்தேன். இமை இரண்டும் பாதி இறங்கியிருந்தன. அவற்றைத் திறக்க அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். நாக்கு குழறி, பேச்சும் எழவில்லை.

"எக்கா, பேரச் சொல்லுங்கக்கா," என்றாள் நித்யா.

"எம்பேரு சந்தனமாரி, தாயி."

"ஒங்க பேரு இல்லக்கா. அவங்க பேரு."

சந்தனமாரி வாயைத் திறந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். "அத நான் எப்படித் தாயி சொல்லுவேன்?"

நான் திரையில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தேன்.

அந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்து அன்றைக்குத்தான் முதல் நாள். தொண்ணூற்றாறு, ஐப்பசி மாதம். நோயாளிகளைப் பதிகிற புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் நான். வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. திரை எப்படி இருக்க வேண்டும் என்று கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்து, பெரிய டாக்டர் ஹரிஹரசுப்பிரமணியனிடம் மூன்று தடவை கொண்டுபோய்க் காட்டினேன். மூன்று தடவையும் நல்ல காபி கிடைத்தது. "பழைய ரிஜிஸ்டரைப் பாருமய்யா, பாதி இடம் காலி. இதிலே ஒரு கட்டமும் காலியா இருக்கப்படாது," என்றார். நானும் இருக்க விடவில்லை. ஏழு கட்டம். ஏழும் நிரம்பினால்தான் நம்பர் வரும். கம்ப்யூட்டரை ஏமாற்றிவிட்டு யாரும் பழையபடி துண்டுச் சீட்டில் எழுதக் கூடாது என்று, நம்பர் இல்லாத சீட்டுக்கு மருந்து இல்லை என்ற யோசனையையும் சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதையே சட்டமாக்கிவிட்டார். இந்தக் கவுண்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்போம் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

நித்யா ஒரு தடவை கேட்டாள். பழக்கிக் கொடுத்தபோது, தயங்கித் தயங்கி, "பேரு தெரியாத ஆளு வந்தா என்ன சார் போட?" என்றாள். "பேரில்லாத மனுஷன் உண்டா?" என்று சிரித்தேன். அவளும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள்.

வார்டு ஆயா மாரித்தாய் கையில் சீட்டோடு ஓடிவந்தாள். விஷமுறிவு மருந்து பத்து குப்பி என்று சின்ன டாக்டர் எழுதியிருந்தார். நம்பர் இடம் வெறுமையாக இருந்தது.

"மருந்துக்கடை அண்ணாச்சி தர மாட்டேங்காவ சார். குப்பிய எல்லாம் எடுத்து மேசை மேலதான் வச்சிருக்காவ. நம்பரு கொண்டாங்காவ. மூச்சு வாங்குது சார் அந்தாளுக்கு."

அந்த அண்ணாச்சி சுடலையாண்டியை நான் எட்டிப் பார்த்தேன். குப்பிகளின் மேல் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈரமே இல்லை என்று சொன்னால் பொய். அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. நம்பர் இல்லாமல் கொடுத்தால் வேலை போய்விடும் என்று முந்தின நாள் சாயங்காலம்தான் எல்லோரையும் நிற்கவைத்துப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அவரோ ஆப்பரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். அந்தக் கதவைத் தட்டுகிற தைரியம் அங்கே யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

"ஏதாவது ஒரு பேரப் போடும்மா," என்றேன்.

"பொய்ப்பேரு போட்டா வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு சொல்லியிருக்காங்க சார். நீங்களும் பக்கத்துலதான நின்னிய." நித்யாவின் விரல் தெரியாமல் என்டரில் பட்டது. கீங்.

நான் கவுண்டருக்கு மேலே குனிந்து சந்தனமாரியைக் கும்பிட்டேன். "அம்மா, ஒரே ஒரு தடவை சொல்லிடுங்கோ. பேர் சொன்னா மருந்து வந்துரும்."

"சொன்னா அவுக ஆயுசு கொறைஞ்சிரும்லாய்யா," என்றாள். "முப்பது வருசமா சொல்லாதவ, இன்னைக்குப் போயா சொல்லணும்? உசுரு ஊசலாடுத நேரத்துலயா? நானே கொன்னுபோடணுங்கியளா?"

என் அம்மா வாலாம்பாளே அப்பா பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில் பெயர் கேட்டால், "ஸ்ரீவத்ஸன் அப்பா" என்பாள். இருபத்துநாலு வருஷமாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கிற விஷயம். திரையில் கட்டம் வரையும்போது அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"தள்ளும்மா," என்று நித்யாவின் நாற்காலியை நகர்த்திவிட்டுக் குனிந்து தட்டினேன்.

என்ன தட்டுகிறேன் என்று யோசிக்கவில்லை. விரல்கள் தாமாகவே ஓடின. புரோகிராமைச் சோதிக்க ஒரு நோயாளி வேண்டுமே என்று இரண்டு மாதமாக அந்தக் கட்டத்தில் நான் போட்டுப் பார்த்தது ஒரே பெயர். பெயர்: ஸ்ரீவத்ஸன். தகப்பனார் அல்லது கணவர்: ஜெயராம். வயது இருபத்துநாலு. எங்கள் தெரு, எங்கள் கதவு எண். ஏழு கட்டமும் கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பின. ஒரு கத்தல்கூட இல்லை. பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் துப்பியது. மாரித்தாய் அதைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். சுடலையாண்டி அண்ணாச்சி நம்பரைப் பார்த்தாரோ இல்லையோ, குப்பிகளை அள்ளி அவள் மடியில் போட்டார்.

அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது.

சோதனை என்றால் எல்லாவற்றையும்தான் சோதிக்க வேண்டும். இறப்பு அறிக்கை சரியாக அச்சாகிறதா என்று பார்க்க, போன மாதம் ஒருநாள் என்னையே சாகடித்துப் பார்த்தேன். ஸ்ரீவத்ஸன், வயது இருபத்துநாலு, இறந்த நேரம் எல்லாம் அழகாக வந்தது. சட்டைப் பையில் மடித்து வைத்த தாளை அம்மா துவைக்கும்போது பார்த்துவிட்டாள். அடுப்பில் போட்டாள். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. "பைத்தியமா உனக்கு? வெறும் பேர்தானே," என்றேன். நான்தான், என் வாயால்.

அந்த வெறும் பேர் இப்போது வார்டுக் கதவுக்குப் பின்னால் மூச்சுத் திணறிக்கொண்டு கிடந்தது. திருத்தலாம் என்றால், ஒருமுறை பதிந்ததை மாற்ற முடியாதபடி பூட்டுப் போட்டவனும் நானே. அந்தச் சாமர்த்தியத்துக்கும் காபி குடித்திருக்கிறேன்.

சந்தனமாரியின் பக்கத்தில் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். உன் புருஷனுக்கு வேறொருவன் பெயரை வைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமி பெயராக இருக்கலாம். முழங்காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"மருந்து போயிருச்சாய்யா?"

"போயிருச்சும்மா."

"பேரு இல்லாமயே குடுத்துட்டாவளா? மவராசனா இருப்பிய." கும்பிட்டாள். என்னால் அவள் கையைப் பார்க்க முடியவில்லை.

பையிலிருந்து கிராஃப் தாளை எடுத்தேன். முதல் கட்டத்தின் ஓரத்தில் 'கட்டாயம்' என்று சிவப்பில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். அழிக்க ரப்பர் தேடினேன், கிடைக்கவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். சிவப்பு பரவிற்று, எழுத்து போகவில்லை. கைக்கடிகாரத்தில் இருபது நிமிஷம் போயிருந்தது. பிறகு முப்பத்தைந்து. கதவு இரண்டு தடவை திறந்து மூடியது. கவுண்டரில் கீங்கென்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. ஈஸ்வரா, அந்த மனுஷன் பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவருக்காக வேண்டினேனா எனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கதவு மூன்றாம் தடவை திறந்தது. நர்ஸ் வெளியே வந்தாள். மூக்கும் வாயும் துணிக்குள் இருந்தன. கண்ணை மட்டும் வைத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. கையிலிருந்த சீட்டைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஸ்ரீவத்ஸன்! ஸ்ரீவத்ஸன் கூட வந்தது யாரு?"

வரவேற்பறையில் யாரும் எழுந்திருக்கவில்லை. பாதி எழுந்தேன், திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

"ஸ்ரீவத்ஸன்!"

சந்தனமாரி என் முகத்தைப் பார்த்தாள். கால்களை ஒடுக்கி எனக்கு வழி விட்டாள்.

"ஒங்க வீட்டு ஆளாய்யா?" என்றாள். "இம்புட்டு நேரமும் சொல்லாம என் கூட உக்காந்திருக்கியளே. எந்திரிங்க. பயப்படாதிய, ஒண்ணும் ஆவாது. பைய போயிப் பாருங்க."

சேறு காய்ந்த கையால் என் முதுகை மெல்லத் தள்ளினாள்.