ஏரிமேல் பதினான்கு பேர்

எங்கள் ஊருக்கு இரண்டே தெரு. ஒன்று ஏரிக்கரையோடு வளைந்து போகும். இன்னொன்று அதற்கு மேலே சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே பாறை. இங்கே புதிதாக ஒரு வீடு கட்ட வேண்டுமென்றால் யாராவது தன் வீட்டை இடித்தாக வேண்டும். அதனால்தான் நான்கு குடும்பங்கள் படகில் குடியிருக்கின்றன. அந்தப் படகுகளுக்கும் கதவெண் உண்டு. எழுதியவள் நான்தான், ஊராட்சி அலுவலகத்தின் ஒரே எழுத்தர்.

முந்நூறு பேர் இல்லாத ஊருக்குத் தனி அலுவலகம் கிடையாது என்று மேலிடத்தில் உத்தரவு போட்டுவிட்டார்கள். அலுவலகம் போனால் அதன் பின்னறையில் இருக்கும் நர்ஸும் போய்விடுவார். பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் ஏரியைத் தாண்ட வேண்டும்.

மக்கள்தொகை எடுக்க வந்தவர் மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கினார். கடைசி நாள் மதியம் என் மேசையில் தாளை வைத்தார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.

“படகுல இருக்கிற பதினாலு பேரை விட்டுட்டீங்களே சார்.”

“வீடுன்னா தரையில இருக்கணும்மா. விதி அப்படி.”

“கோடையில வந்திருந்தா எல்லாப் படகும் தரையிலதான் இருந்திருக்கும். ஏரி வத்திடும்.”

“நான் வந்தது இப்போ. அஞ்சு மணிக்குக் கணக்கை முடிச்சாகணும்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தரைதானே வேண்டும், படகுகளையே தரைக்குக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

மூன்று படகுக்காரர்கள் கேட்டவுடன் சரி என்றார்கள். அவர்கள் எட்டுப் பேர். சேர்த்தால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது! மிச்சம் ஒரே ஒரு படகு, ஆறு பேர். அது என் அக்காவுடையது.

அக்கா படகு விளிம்பில் உட்கார்ந்து மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்.

“அப்பா வீட்டை உன் பேருக்கு எழுதி வச்சப்போ நானும் அந்த வீட்டுப் பொண்ணுதான்னு யாராவது என்னை எண்ணுனீங்களா? இப்போ தலை குறையுதுன்னதும் அக்கா ஞாபகம் வந்துடுச்சா?”

சுருக்கென்றது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பத்திரத்தைப் படித்தபோது நான் வாயே திறக்கவில்லை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தப்புதான்க்கா,” என்றேன்.

“நர்ஸுக்காக வர்றேன். உனக்காக இல்ல. ஆனா எங்க நிறுத்தறதுன்னு நான்தான் சொல்வேன்.”

ஊரே திரண்டு இழுத்தது. ஊராட்சித் தலைவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். அடியில் கட்டைகளைப் போட்டு உருட்டி, மூன்று படகுகளைக் கரைத்தெருவில் ஏற்றினோம். அக்காவின் படகு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலக வாசலை அடைத்தபடி நின்றது.

உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த கணக்கெடுப்பாளர் வெளியே வர வழியில்லாமல் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“தரைதான். நல்லாப் பாத்துக்கோங்க,” என்றாள் அக்கா.

அவர் குனிந்து படகுக்கு அடியில் பார்த்தார். மண்தான். தெருவில் நின்ற மற்ற மூன்றையும் எட்டிப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

“குடும்பத் தலைவர் யாரு?”

“நான்.”

அக்காவின் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், அவளைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

முந்நூற்றைந்து. எழுதி முடித்துவிட்டு அந்த மனிதர் ஜன்னல் வழியாகக் குதித்துப் போனார். ஊரே கைதட்டியது. மற்ற மூன்று படகுகளையும் ஏரியில் இறக்கிவிட்டு, கயிற்றோடு அக்காவிடம் வந்தோம். அவள் இறங்கவில்லை.

“எண்ணியாச்சுல்ல? எண்ணுன ஆளுக்கு இடம் எங்க? அது கிடைக்கிற வரைக்கும் படகு இங்கதான் நிக்கும்.”

“ஆபீசுக்குள்ள எப்படிம்மா போறது?” என்று தலைவர் கெஞ்சினார்.

“அவர் வெளிய வந்த வழியா நீங்க உள்ள போங்க.”

மறுநாள் காலை நான் ஜன்னலில் ஏறித்தான் வேலைக்குப் போனேன். முழங்கால் சிராய்ந்தது. கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து, அப்பா வீட்டில் பாதி அக்காவுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜன்னல் வழியே நீட்டினேன்.

அக்கா படகிலிருந்து எட்டி வாங்கினாள். நிதானமாக இரண்டு தடவை படித்தாள்.

“எந்தப் பாதி?” என்றாள்.