இதயத்தின் நடுவில் ஒரு முக்கோணம்

விடைத்தாள் கட்டின் மேலாக இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இதயத்தின் படம். நான்கு அறைகளும் சரியாக இருந்தன, குழாய்களும் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் நட்டநடுவில், ஒரு வட்டத்துக்குள், வலப்பக்கம் பார்த்தபடி ஒரு முக்கோணம். அடுத்த தாளிலும் முக்கோணம். அதற்கடுத்ததிலும். ஒரு பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போய், அதற்குச் சிவப்பு தீட்டி, அம்புக்குறி இழுத்து, 'முக்கோண வால்வு' என்று பெயரும் வைத்திருந்தது.

"அண்ணி, இது என்ன?"

சாப்பாட்டு மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்த அண்ணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஹார்ட். இன்னைக்கு டெஸ்ட் வெச்சேன்."

"அது தெரியுது. நடுவுல இருக்கறது?"

"நீ குடுத்த படத்துல இருந்துச்சு. அதான் பிள்ளைங்க வரைஞ்சிருக்கு."

அவள் கொடுத்தது படம் இல்லை, வீடியோ. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பாடத்துக்கு வேண்டியதை வலைத்தளங்களில் எப்படித் தேடுவது, வகுப்பில் எப்படிக் காட்டுவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. தப்பில்லாத, விளம்பரம் குறுக்கே வராத, பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில் பேசுகிற ஒரு துடிக்கும் இதயத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அவளுக்குக் கண் பூத்துப் போயிருந்தது. அண்ணி அந்தப் பக்கத்தைக் கடையில் கொடுத்து, பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, மூலைக்கு ஒரு ஊசி குத்தி வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டாள். வீடியோ ஓடுவதற்காக அழுத்த வேண்டிய முக்கோணமும் சேர்ந்து அச்சாகிவிட்டது.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அண்ணி மட்டுமா? வரலாற்று வாத்தியார் அவள் அனுப்பிய லிங்கை எழுத்தெழுத்தாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, எல்லாரையும் நோட்டில் எழுதச் சொன்னவர். கணக்கு வாத்தியாருக்கு எதைக் காட்டினாலும் "சூப்பர் மேடம்", அத்தோடு சரி. தலைமையாசிரியையோ புரொஜெக்டருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். "வெளிய எடுத்தா தூசி படியும்மா" என்பார். பயிற்சி என்றால் எல்லாரும் வருவார்கள், டீ குடிப்பார்கள், குரூப் போட்டோவுக்கு நிற்பார்கள். தலையாட்டுவதில் அந்தப் பள்ளிக்கூடத்தை மிஞ்ச ஆளில்லை.

நாளைக்குப் பயிற்சியின் பலனைப் பார்க்க அதிகாரி வருகிறார். அந்தப் பள்ளியில் ஒரு ஆசிரியராவது தானாகத் தேடி எடுத்து, தானாகப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பயிற்சி கொடுத்தவள் கை வைக்கக் கூடாது. இல்லையென்றால் அவளுக்கு வேலை நீடிக்காது. மற்றவர்களெல்லாம் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள். ஒரே வீட்டில் இருப்பதால் அண்ணியால் மட்டும் நழுவ முடியவில்லை. வேலை போனால் பழையபடி வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அண்ணன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், அது இன்னும் கொடுமை.

"அதை அழுத்தினா ஓடும் அண்ணி. எத்தனை தடவை காட்டியிருக்கேன்?"

"காட்டினே."

"அப்புறம்?"

அண்ணி சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "காட்டினே, பாத்தேன். ஒரு தடவையாவது மௌஸை என் கையில விட்டிருக்கியா? நான் தொட்டு அந்த அம்பு இப்படி அப்படிப் போறதுக்குள்ள, 'குடுங்க அண்ணி, நான் பண்றேன்'னு பிடுங்கிடுவே. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் அப்படித்தான். கிளாஸ்ல தனியா நிக்கும்போது நீயா வந்து பண்ணப்போறே?"

சுருக்கென்று பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பயிற்சி அறையில் ஒவ்வொரு தோளுக்கு மேலாகவும் நீண்ட தன் கை ஞாபகத்துக்கு வந்தது. எரிச்சல் மட்டும் போகவில்லை. இதுவரை யார் யார் மேலோ இருந்தது இப்போது தன் மேலேயே திரும்பியதில் இன்னும் கூடத்தான் செய்தது. லேப்டாப்பை அண்ணி பக்கம் தள்ளினாள்.

"இப்ப நீங்களே பண்ணுங்க. நான் தொடல."

கரும்பலகையில் கையெடுக்காமல் ஒரே கோட்டில் இதயம் வரைகிற கை அது. மௌஸைப் பிடித்ததும் விறைத்துப் போயிற்று. அம்பு திரைக்கு வெளியே ஓடி ஒளிந்தது. தேடிக் கண்டுபிடித்த பக்கத்தை அண்ணியே மூடித் தொலைத்தாள், பிறகு மறுபடியும் மூடினாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒருவழியாக இதயம் துடித்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா இதை நான் வாயாலயே துடிக்க வெச்சிட்டிருந்தேன்" என்றாள்.

மறுநாள் வகுப்பில் தலைமையாசிரியை புரொஜெக்டரின் உறையைக் கழற்றி, மடித்து, கையிலேயே வைத்துக்கொண்டார். அதிகாரி கடைசி பெஞ்சில் காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இவள். மடியிலிருந்த பையில் அதே வீடியோ ஒரு பென் டிரைவில் இருந்தது. அண்ணி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். ஒன்று தப்பாகி, அழித்து, மறுபடி தட்டினாள். கடைசியில் சுவர் நிறைய இதயம் வந்து நின்றது, நடுவில் முக்கோணத்தோடு. தாங்கள் வரைந்தது சரிதான் என்று பிள்ளைகளுக்குள் ஒரே திருப்தி.

"நீங்க வரைஞ்சது தப்பில்ல. நான்தான் சரியாக் காட்டல" என்றாள் அண்ணி. "இப்பப் பாருங்க."

அழுத்தினாள். முக்கோணம் மறைந்தது. அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் வந்து சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பாழாய்ப்போன நெட்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும், பென் டிரைவைச் செருகிவிடலாம், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அண்ணி இவள் பக்கம் திரும்பவே இல்லை. மௌஸிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "டீச்சர், முக்கோணம் போயி வட்டம் வந்துடுச்சு. இனிமே அதை வரையணுமா?"

வகுப்பு சிரித்தது. அண்ணியின் கழுத்து சிவந்தது.

"இரு. வரும்" என்றாள்.

இவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி, பெஞ்சின் பலகை உள்ளங்கையில் பதியப் பதிய உட்கார்ந்திருந்தாள். சுவரில், அசையாத அந்தப் பெரிய இதயத்தின் மேல், வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.