சுமை இறக்கிய பார்வோன்

மேற்கே சாயும் கதிரவன் கெடில நதியின் நீரில் செம்பொன்னைக் கரைத்தூற்ற, கரையேறிய மீனவர் வலைகளை உதறியவாறே உரக்கப் பேசிச் செல்ல, கடற்காற்று தென்னங்கீற்றுகளை அலைத்து விளையாடிய அவ்வினிய மாலைப்பொழுதில், கடலூர் முதுநகரின் சிற்றாலய முற்றமொன்றில், அன்பிற்குரிய வாசகரே, எகிப்து நாடு எழுந்து நின்றது. ஈராயிரத்து எட்டாம் ஆண்டில் கிறித்தவர்களின் தவக்காலம் அது; அன்று அங்கே மோசே நாடகம். பழைய அட்டைப்பெட்டிகளுக்குக் கல்லின் நிறந்தீட்டி அடுக்கிய பிரமிடு என்னும் கூர்நுதிக் கோபுரமொன்று பந்தலின்கீழ் பாதி உயர்ந்திருந்தது. மோசேயின் கதையில் அக்கோபுரம் வருகிறதா என்று எவரும் கேட்கவில்லை. பார்வோன் என்றால் அது வேண்டும் என்பது ஊரார் முடிவு.

அகன்ற மார்பும் இடியொத்த குரலும் வாய்த்த கொத்தனார் அந்தோணிசாமியே ஆண்டுதோறும் பார்வோன். அடிமைப் பெண்களுள் ஒருத்தி அவர் மனைவி ஜெயராணி. இருபத்தாறு ஆண்டுகளாக அவர் சுவரெழுப்ப, அவள் தலையில் செங்கல் சுமந்தாள். அவள் அருகே வந்ததும் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, இரு கைகளாலும் அச்சுமையை அவரே இறக்குவார், வேறெவரையும் இறக்கவிட்டதில்லை. அவர்கள் வாழ்வில் கொஞ்சல் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

ஆனால் நாடகத்துக்கு முந்தைய மாதம் சிதம்பரத்தில், வீட்டுக்காரரிடம் தம் பெருமையை அளந்துகொண்டிருந்தவர், பதினான்கு கல்லோடு வெயிலில் நின்ற அவளை மறந்துபோனார். "எறக்குய்யா" என்றவளை, "செத்த சும்மா நில்லுடி" என்று பலர்முன் கடிந்தார். கற்களைத் தரையில் கொட்டிவிட்டு வந்தவள், அன்றுமுதல் அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை. இனி அவருக்குக் கல் சுமப்பதில்லை என்று செம்மங்குப்பத்தில் மூட்டை தைக்கும் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டாள், விடிந்தால் போய்விடுவாள். மன்னிப்பு என்னும் சொல் நாள்தோறும் அந்தோணிசாமியின் தொண்டைவரை வந்து, அவர் மீசைக்கு அஞ்சித் திரும்பிப்போயிற்று. நல்ல மனிதர்தாம்; வீம்பு ஒன்றுதான் சற்று மிகுதி.

"கற்களைக் கொணர்க! என் கல்லறை விண்ணைத் தொடும்வரை ஒருவரும் இளைப்பாறலாகாது!" என்று பார்வோன் முழங்கினார்.

கழுத்து உள்வாங்க, முழங்கால் தள்ளாட, பெட்டியொன்றைச் சுமந்து வந்து அரியணையின்கீழ் நின்றாள் ஜெயராணி. நடிப்புத்தான், எனினும் சுமந்து பழகிய உடலின் நடிப்பு. 'இன்னும் ஒரு கல்லை ஏற்றுங்கள்' என்று பார்வோன் ஆணையிட வேண்டிய இடம் அது. நாடகத்தை நடத்திய ஆசிரியர் அறிவுமதி, திரைமறைவிலிருந்து அவ்வரியை இருமுறை எடுத்துக்கொடுத்தார்.

பார்வோன் அதைக் கூறவில்லை. செங்கோலைக் கரண்டிபோல் ஓரமாக வைத்தார், படியிறங்கினார், காலை அகட்டி ஊன்றி, பதினான்கு செங்கல்லுக்குரிய வலிமையனைத்தையும் திரட்டி அவள் தலைச்சுமையைத் தூக்கினார். வெற்று அட்டை அவ்வலிமைக்கு ஈடுகொடுக்குமா? பெட்டி பந்தலை முட்டிற்று. எகிப்தின் வேந்தர் மல்லாந்து தம் கோபுரத்தின்மேல் விழ, கோபுரம் அவர்மேல் விழுந்தது.

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அட்டைக் குவியலுக்குள் எட்டிப் பார்த்து, ஒரு மாதத்துக்குப் பின் ஜெயராணி வாய் திறந்தாள்.

"வெறும் அட்டைய்யா அது! புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"எனக்கு என்னாடி தெரியும்? அன்னிக்கு நின்ன மாதிரியே நின்ன," என்ற பார்வோன், மணிமுடி காதோரம் தொங்க, குரல் தாழ்த்திச் சொன்னார்: "அன்னிக்கே எறக்கியிருக்கணும் ஜெயா. தப்புதான்."

அவள் விழிகள் நிறைந்தன. கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்டு, தோளில் ஒட்டிய தாளைத் தட்டியபடி, "நாளைக்கு எந்தூட்டு வேல?" என்று கேட்டாள்.

நாடகம் அத்தோடு நின்றது. அவ்வாண்டு அடிமைகள் செங்கடலைக் கடக்கவேயில்லை என்று அறிவுமதிக்கு நெடுநாள் வருத்தம். மறுநாட்காலை செம்மங்குப்பத்துப் பேருந்து ஜெயராணியின்றிச் சென்றது. பார்வோன்கள் பாலைநிலத்தில் எழுப்பிய மலைகள் இன்றும் நிற்கின்றனவாம், நிற்கட்டும். அவற்றின் ஒரு கல்லையேனும், சுமந்தவர் தலையிலிருந்து மன்னன் தன் கையால் இறக்கினான் என்று யாம் கேட்டதில்லை. முதுநகரில் அதனைக் கண்டோம்.