மூடித் திறந்தால் முகம் வராது

டீச்சருக்குக் காலையிலிருந்தே வயிற்றெரிச்சல். எரிச்சலுக்குக் காரணம் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. வேறு யார், நாத்தனார்தான்.

பேச்சு வராத குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் பயிற்சி கொடுப்பது டீச்சரின் வேலை. லேப்டாப் அது பாட்டுக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி ஒன்றில் சர்வர் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே இருந்ததை வழித்துத் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினாள். "கட்டற்ற மென்பொருள் அண்ணி, யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டியதில்ல" என்று பெருமை வேறு. அன்றைக்குப் பிடித்தது சனி. மதியம் மூடி வைத்து, சாப்பிட்டு வந்து திறந்தால் சில நாள் திரை மட்டும்தான் வரும். கேமரா வராது, ஹெட்செட்டில் மூச்சுப் பேச்சு இருக்காது. அணைத்துவிட்டு முதலிலிருந்து போட்டால்தான் உயிர் வரும்.

அதற்குள் மூன்று மணி வகுப்புக் குழந்தை அழுது ஊரைக் கூட்டிவிடும். ஐந்து வயதுப் பெண். இன்னும் ஒரு சொல் வாயிலிருந்து விழவில்லை. டீச்சரின் உதட்டைப் பார்த்து உதட்டைக் குவிக்க இப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். முகம் காணாமல் போனால் அன்றைய பாடம் அவ்வளவுதான். இப்படி இரண்டு தடவை ஆகிவிட்டது. குழந்தையின் அம்மா மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற டீச்சர் பார்த்துக்கறோம்." இத்தனை மாதம் உதட்டோடு உதடாகக் கிடந்து வளர்த்ததை எவளோ ஒருத்தி அறுவடை செய்வதா? டீச்சரால் அதை நினைத்தே பார்க்க முடியவில்லை.

அதனால்தான் வேண்டாவெறுப்பாக நாத்தனாரைக் கூப்பிட்டிருந்தாள். டீச்சரின் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் ஒரே அறையில் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டார்.

நாத்தனார் லேப்டாப்பை மூடினாள், திறந்தாள். கேமரா பளிச்சென்று வந்தது. மறுபடி மூடினாள், திறந்தாள். மறுபடியும் வந்தது.

"பாருங்க, தூங்குது, எழுந்திரிக்குது. மெஷின்மேல ஒரு குத்தமும் இல்ல. உங்க கைராசி அப்படி."

"என் கையில ஒரு கேடும் இல்ல. நீ வந்து கை வைக்கற வரைக்கும் இது ஒழுங்கா இருந்துச்சு."

"மூடாம வச்சுட்டுப் போங்களேன். எதுக்கு மூடறீங்க?"

"மூடின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? மூடத்தான். கட்டில்லாததுன்னு நீதானே சொன்ன, அதான் இஷ்டத்துக்கு ஆடுது."

நாத்தனாரின் முகம் கறுத்தது. "தப்புத் தப்பாப் புழங்கிட்டு மெஷினைத் திட்டாதீங்க அண்ணி" என்றாள். அந்த 'அண்ணி'யில் மட்டும் அரைப்படி உப்பு இருந்தது.

மதியம் இருவரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். நாத்தனார் கை கழுவப் போன நேரத்தில் சாப்பாட்டு மேசையைத் துடைத்த டீச்சர், மூடியிருந்த லேப்டாப்பை ஓரமாக நகர்த்தினாள். செருகியிருந்த ஹெட்செட் வயரைப் பிடுங்கினாள், நான்கு விரலில் சுற்றினாள், ரப்பர் பேண்ட் போட்டு இழுப்பறைக்குள் வைத்தாள். தினமும் செய்வதுதான். கை தானாகச் செய்தது.

மூன்று மணிக்குத் திறந்து, ஹெட்செட்டைச் செருகி, வகுப்புக்குள் நுழைந்தாள். குழந்தையின் முகம் தெரிந்தது. தன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம். காதில் ஒரு சத்தமும் இல்லை.

"ஐயோ, போச்சு! போச்சுடி!"

நாத்தனார் ஓடிவந்தாள். அணைக்கப் போன டீச்சரின் கையைத் தட்டிவிட்டாள். "தொடாதீங்க! இப்பதான் கையும் களவுமா சிக்கியிருக்கு. அணைச்சா தடயமெல்லாம் போயிடும்." திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்தாள். அது குழந்தையின் முகத்தை முழுக்க மறைத்தது. வரி வரியாக எழுத்து ஓடியது. "வயர் செருகற யு.எஸ்.பி. மொத்தமும் செத்திருக்கு. கேமராவும் உள்ளுக்குள்ள அதுலதான் தொங்குது. தூங்கும்போது யாராச்சும் எதையாச்சும் பிடுங்கினீங்களா?"

"ஹெட்செட்டைப் பிடுங்கிச் சுத்தி வச்சேன்."

"தூங்கறப்பவா? அறிவிருக்கா அண்ணி? ஏன் பிடுங்கினீங்க?"

டீச்சருக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. "ஏனா? போன தடவை இந்த வீட்டுக்குள்ள வந்து என்ன சொன்ன? 'வயரெல்லாம் குடல் மாதிரி தொங்குது, எங்க அண்ணன் வீடு இப்படியா இருந்துச்சு'ன்னு சொன்னியா இல்லையா? அன்னைலேர்ந்து சுத்தி வைக்கறேன். நீ சொன்னதுக்காக!"

நாத்தனாரின் விரல்கள் ஒரு கணம் நின்றன. "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"உன் சும்மாவால என் பொழைப்பு போகுது! அந்தக் குழந்தை போகுது!"

"கத்தாதீங்க, யு.எஸ்.பி.யோட கட்டுப்பாட்டுச் சிப்பை இங்கிருந்தே கழட்டி மாட்டறேன், ரெண்டு வரி கட்டளைதான். ஆனாலும் மூடறதுக்கு முன்னாடி பிடுங்கணும்ங்கறது ஒரு பொது அறிவு…"

"நீ முதல்ல உன் வாயை மூடு! மூடு! மூடு!"

நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு என்டரைத் தட்டினாள். கேமராவின் விளக்கு எரிந்தது. கறுப்பு ஜன்னலை விலக்கினாள். அப்போதுதான் மூலையில் இருந்த மைக் படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி… ஹெட்செட் செத்ததும் இது தானா லேப்டாப்போட சொந்த மைக்குக்கு மாறியிருக்கு. ஸ்பீக்கரைத்தான் நீங்க அடக்கி வச்சிருக்கீங்க. நமக்குத்தான் கேக்கல. அவங்களுக்கு எல்லாம் கேட்டிருக்கு."

டீச்சர் திரையைப் பார்த்தாள். குழந்தை அழவில்லை. திரையோடு திரையாக மூக்கை ஒட்டி, உதட்டைக் குவித்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். பின்னால் அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாத்தனார் ஸ்பீக்கரைத் திறந்தாள்.

"மூ… து" என்றது குழந்தை. "மூது! மூது!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மான்னுதான் முதல்ல சொல்லுவான்னு இருந்தேன் டீச்சர்" என்றாள். குரலில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்க. இனிமே இந்த மாதிரி…"

"முகம் தெரியாதப்ப கூட இன்னைக்கு அழல. நீங்க ரெண்டு பேரும் கத்தக் கத்த காதைத் திரையில வச்சுக்கிட்டா. நாளைக்கும் இதே நேரம் வந்துடுங்க." கொஞ்சம் யோசித்தாள். "அந்த இன்னொரு டீச்சரையும் கூட்டிட்டு வாங்க."

டீச்சர் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் ஹெட்செட் வயரை எடுத்து நான்கு விரலில் சுற்றப் போனாள்.

"அதைத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் டீச்சர். "நாளைக்கு ரெண்டரைக்கே வந்துடு."