கல்லில் ஒற்றிய கைக்குட்டை

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரர் ரோனி கப்பல் டிக்கெட்டை நீட்டியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மும்பையில் ஏறி, நாலு நாள் கடலில் சுற்றி, மறுபடி மும்பையில் இறங்க வேண்டுமாம். மைசூர்க்காரிக்குக் கடல் எதற்கு? ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், கப்பல் நிற்கும் ஊர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ஒரு சின்னத் தீவில் நிற்கிறது. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன், ஏன் என்று போகப்போகத் தெரியும். அங்கே கடலைப் பார்த்த ஒரு மேட்டில், எழுபத்தொன்றாம் வருஷப் போரில் மூழ்கிப்போன போர்க்கப்பலுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. என் பெரியப்பா குழந்தைசாமி செத்தது அந்தக் கப்பலில்தான்.

நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டவர் அவர். என் அம்மாவின் அக்கா விக்டோரியாவைக் கட்டி ஏழு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. பெரியம்மாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு வெள்ளைச் சேலைக்கு மாறியவள் எழுபத்தேழு வயதிலும் மாறவில்லை. மறுகல்யாணம் பேச வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். கப்பற்படை பென்ஷனைக்கூட வேண்டாம் என்றவள் என்று சொந்தக்காரர்கள் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். மைசூர் மண்டி மொஹல்லாவில் நேவி விக்டோரியம்மா வீடு என்றால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விட்டுவிடுவார். எனக்கு ஆறு வயதில் அம்மா போன பிறகு என்னை வளர்த்ததும் அவள்தான். அதற்குப் பதிலாக நான் அவளுக்குச் செய்தது என்ன என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மாத்திரை வாங்கிக் கொடுத்ததையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியுமா?

கல்லறைத் திருநாள் வந்தால் எல்லாருக்கும் கழுவிப் பூப்போட ஒரு கல்லறை இருக்கும். பெரியம்மாவுக்கு இல்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை ஒன்று உண்டு. உடல் கிடைக்காதவர்களுக்கும் வேறு ஊரில் புதைந்தவர்களுக்கும் அதனடியில்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சின்ன வயதில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கும்போது எனக்கு அழுகை முட்டும். அவள் அழமாட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது சர்க்கரை அவள் கண்ணைத் தின்றுவிட்டது. போட்டோ எடுத்து வந்தாலும் அவளுக்குத் தெரியாது. அதனால் புதிதாக ஒரு வெள்ளைக் கைக்குட்டை வாங்கிக்கொண்டேன். வேளாங்கண்ணிக்குப் போனால் மாதா பாதத்தில் கைக்குட்டையை ஒற்றி எடுத்து வருவோமே, வீட்டில் படுத்துக் கிடப்பவர்கள் அதை முகத்தில் துடைத்துக்கொள்வார்களே, அதே மாதிரி கல்லில் வெட்டியிருக்கும் பெரியப்பா பெயரில் ஒற்றி வந்து அவள் கையில் கொடுக்க வேண்டும். சாவதற்குள் புருஷனைத் தொட்ட மாதிரி ஒன்று அவளுக்குக் கிடைக்க வேண்டும். வேறு எதுவும் நான் ஆசைப்படவில்லை.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. "அங்கெல்லாம் எதுக்குடி போற? வெயில்ல மண்டை காஞ்சிடும். ரோனிகூட நிம்மதியா இருந்துட்டு வா."

"உனக்காகத்தான் போறேன் பெரியம்மா."

"எனக்கு வேண்டாம், பேடா. அதெல்லாம் ஆயித்து, முடிஞ்சு போச்சு" என்றாள் கன்னடம் கலந்து.

நான் செருப்பு மாட்டும்போது கூப்பிட்டாள். "நிம்மி. அவரு பேரு இருந்தா வந்து சொல்லு." வயசானவள் ஏதோ சொல்கிறாள் என்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கப்பல் கம்பெனி பஸ்ஸில் கோட்டை உண்டு, பழைய சர்ச் உண்டு, கடைத்தெரு உண்டு. நினைவுச் சின்னம் கிடையாது. தனியாக ஆட்டோ பிடித்துப் போகிறேன் என்றதும் ரோனிக்கு முகம் சுருங்கியது. "மூணரைக்குள்ள வரலேன்னா கப்பல் கிளம்பிடும் நிம்மி. அப்புறம் நீச்சலடிச்சுத்தான் வரணும்."

"உங்க குறட்டைக்கு அதுவே மேல்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆட்டோக்காரர் மேட்டின் அடியில் விட்டார். படி ஏறிப் போனால் ஆள் நடமாட்டமே இல்லை. வெயில், காற்று, கீழே பாறையில் அலை அடிக்கிற சத்தம், அவ்வளவுதான். நிழலில் ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கல்லில் வரிசை வரிசையாக இங்கிலீஷில் பெயர்கள் வெட்டியிருந்தன. கைக்குட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் பெயரிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெயர்ப் பட்டியலைக் கண்டால் எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். ஒவ்வொரு பெயரையும் வருகைப் பதிவு எடுப்பது போலச் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லிவிட்டு அரை நொடி நிறுத்துகிறேன், பழக்கதோஷம், யாராவது உள்ளேன் என்று சொல்வார்கள் என்று. அந்த அரை நொடியில் அலைச் சத்தம்கூட நின்ற மாதிரி இருந்தது. பயந்துவிட்டேன், சும்மா சொல்லவில்லை.

கடைசிப் பெயரும் முடிந்தது. குழந்தைசாமி இல்லை.

மறுபடி படித்தேன். இந்தத் தடவை விரலை வைத்து, ஒன்று விடாமல். இல்லை. மூன்றாவது தடவை கீழிருந்து மேலே. காவலாளியிடம் போய் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், விட்டுப்போன பெயர் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "யாரும் விட்டுப்போகலை மேடம். அந்தக் கப்பல்ல போனவங்க எல்லாரும் இங்க இருக்காங்க" என்றார் பொறுமையாக. இப்படி ஒரு பெயரைத் தேடி வந்து நின்றவள் நான் முதல் ஆள் இல்லையோ என்னவோ, போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்படியானால் அந்த ஆள் எங்கே? ஐம்பத்து நான்கு வருஷமாக டிசம்பரில் நாங்கள் சர்ச்சில் யாருக்குப் பூசை வைத்தோம்? கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. மணி இரண்டரை. கையில் கைக்குட்டை சும்மா இருக்கிறது. அதை அப்படியே கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் என்ன சொல்வது?

மூன்றாவது வரிசையில் தொட்டையன் என்று ஒரு பெயர் இருந்தது. நம் பக்கத்துப் பெயர். கொள்ளேகாலோ, ஹனூரோ, எந்தக் காட்டு ஓரத்திலிருந்து இந்தக் கடலுக்கு வந்தவனோ. அவன் பெயரில் கைக்குட்டையை வைத்து அழுத்தி ஒற்றினேன். கல் கொதித்தது. "மன்னிச்சுக்கோப்பா" என்று சொன்னது நினைவிருக்கிறது. படி இறங்கும்போது அவனும் கூடவே வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கப்பலில் சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்து எழுந்து வேறு மேசைக்கு மாறினேன். ரோனி கேட்டதற்கு வெயில் என்று சொல்லிவிட்டேன்.

மைசூர் திரும்பியதும் நேராக மண்டி மொஹல்லா. பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சந்தில் ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. வந்தது நான்தான் என்று காலடியிலேயே தெரிந்துகொண்டாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"இருந்துச்சா?"

"இருந்துச்சு பெரியம்மா. மூணாவது வரிசை." கைக்குட்டையை அவள் கையில் வைத்தேன். "அவர் பேர் மேல ஒத்தி எடுத்தேன்."

"நீயே கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கைக்குட்டையை மடியில் விரித்தாள், தடவினாள், முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்புறம் ஒரு சத்தம் வந்தது. அது அவள் அழுகை என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று அந்த நிமிஷம் நினைத்தேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அப்ப திரும்பிப் போயிருக்காரு" என்றாள்.

"எங்க பெரியம்மா?"

"கப்பலுக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "அந்த வருஷம் நவம்பர்ல அவருகிட்டருந்து எனக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. நேவி வேலையை விட்டுட்டேன், மும்பைல ஒருத்திகூட இருக்கேன், என்னைத் தேடாத, நீ வேற யாரையாவது கட்டிக்கோன்னு. யார்கிட்டயும் காட்டல. மூணு வாரம் கழிச்சு ரேடியோல கப்பல் மூழ்கிடுச்சுன்னு சொல்றான். என் மாமியார் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஓடி வர்றாங்க. அரை மணி நேரத்துல தெருவே வீட்டுக்குள்ள நிக்குது. தியாகி பொண்டாட்டின்னு என் காலைத் தொடுறாங்க. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு நான் எந்த வாயால சொல்வேன்? நானே தாலியைக் கழட்டினேன். ஆஸ்பத்திரிக்குத் தந்தி வந்துச்சுன்னு நானே சொன்னேன். பென்ஷன் வேண்டாம்னேன், வராத பென்ஷனை."

நான் எழுந்து தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"போர் வந்ததும் வேலையை விட்டவங்களையெல்லாம் திரும்பக் கூப்பிடுறாங்கன்னு அப்ப பேசிக்கிட்டாங்க. ஒருவேளை போயிருப்பாரோன்னு மனசுல ஒரு மூலைல இருந்துட்டே இருந்துச்சு. ஆனா நான் நம்பல நிம்மி. எங்கயோ பிள்ளைகுட்டியோட இருக்கான்னுதான் நினைச்சேன். என்னைக்காவது வாசல்ல வந்து நின்னா என் கதி என்ன? ஒவ்வொரு பூசையிலயும் மண்டி போட்டு என்ன கேட்டேன் தெரியுமா? அவன் சாகணும்னு கேட்டேன். சாமியார் ஆன்ம இளைப்பாற்றிக்காகன்னு சொல்றப்பல்லாம் நான் அதைத்தான் கேட்டேன். நான் பாவி, அவரு முதல்லயே போய்ச் சேர்ந்துட்டாரு. என்னை விட்டுப் போகல. போயிருந்தா பேரு இருக்குமா?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் என் கையைப் பிடித்து, அதைக் கைக்குட்டையோடு சேர்த்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கன்னம் ஈரமாக, சூடாக இருந்தது. புருஷனுக்காக அழ ஐம்பத்து நான்கு வருஷம் காத்திருந்தவளிடம் என்னவென்று சொல்வது? "இருக்காது பெரியம்மா" என்றேன்.

அதிலிருந்து அவள் நன்றாகத் தூங்குகிறாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மூணாவது வரிசை என்கிறாள். சவப்பெட்டியில் வைக்கும்போது கைக்குட்டையைத் தன் கையில் வைக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள். தொட்டையனுக்காக நான் தனியாக மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அவன் வீட்டார் யார், எந்த ஊர் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் நான் எடுப்பதில்லை. பெரியம்மா வீட்டுக் கதவை யாராவது தட்டினால், நான் அங்கே இருந்தால், அவளுக்கு முன்னால் ஓடிப் போய்த் திறக்கிறேன். அந்த மனுஷருக்கு இப்போது எண்பத்தொன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் கண்ணீரோடு அவருக்காக வேண்டிக்கொள்கிறாள். பக்கத்தில் மண்டியிட்டு நான் கேட்கிறேன்: ஆண்டவரே, அந்த ஆள் செத்திருக்க வேண்டும்.